எக்ஸ். எஸ். எல். ரி. நடைத்தாளாற் பாடந் தெரிதல்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தல், கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரால் தமிழில் நிலைபெற்ற தொழில். அச்சுத்தாளிற் கொண்ட பாடத்தையும் விலக்கிய பாடத்தையும் பிரித்தறிவது கண்ணின் வேலை. கணினிக்கோ கண் இல்லை. எது எப்பாடம் என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் பெயரிட்டுச் சொல்லல் வேண்டும். அவ்வாறு பெயரிடுதற்குப் பெரிதும் பயன்படுவது, 1998 பெப்ரவரியில் வெளியிடப்பெற்ற எக்ஸ். எம். எல். என்னும் குறிமொழி. அதனை வேறுருவாக்கும் எக்ஸ். எஸ். எல். ரி. என்னும் நடைத்தாள் மொழி 1999 நவம்பரில் வெளிவந்தது.

எக்ஸ். எம். எல். கோப்பு மரம் போன்றது. நூல் என்னும் உறுப்பினுட் செய்யுள், செய்யுளினுள் அடி, அடியினுட் சொற்களும் 'பேதம்' என்னும் உறுப்பும் அமையும். பேதத்தினுட் 'கொண்டபாடம்', 'பிறபாடம்' என இரு பிள்ளைகள். பிறபாடத்திற்கு 'ஏடு' என்னும் பண்பு உண்டு. அஃது எந்தச் சுவடியின் பாடம் என்பதைக் காட்டும். கொண்டபாடத்தினுள்ளேயே இன்னொரு பேதமும் அடங்கலாம். (உறுப்புப் பெயர்கள் தமிழெழுத்தில் இருத்தலை எக்ஸ். எம். எல். விதி தடுப்பதில்லை; ஆங்கிலப் பெயரிடுதல் பழக்கமேயன்றி நியதியன்று.)

மாணவர்க்கென வேறுபாடுகளின்றி ஒரு பதிப்பு வேண்டப்படுகிறது எனக் கொள்க. விதி ஒன்றும் எழுதாத வெற்று நடைத்தாளை ஏவினால் யாதும் வெளிவராது என்று புதியோர் எதிர்பார்ப்பர். அற்றன்று. அம்மொழியில் உள்ளமைந்த விதிகள் வேரிலிருந்து நுனிவரை இறங்கி, உறுப்புப் பெயர்களை உதிர்த்து, எழுத்தை மட்டும் கொட்டிவிடும். கொண்டபாடமும் பிறபாடமும் அடுத்தடுத்து நின்று ஒரே அடியாகும். சீர் மிகும், தளை கெடும், எந்த ஏட்டிலும் இல்லாத செய்யுள் ஒன்று பிறக்கும். கணினி பிழைச்செய்தி ஒன்றும் தராது.

இதற்கு அஞ்சிச் சிலர், கொண்டபாடம் யாவற்றையும் பாதை கொடுத்துத் தேடி, ஒவ்வொன்றாய் எடுத்தெழுதுவர். அப்பொழுது பேதமுள்ள சொற்கள் மட்டும் வரும்; பேதமில்லாத சொற்கள் அடியோடு விடுபடும். தேடியெடுத்தல் வேறு, வடித்தல் வேறு.

வடித்தற்கு ஏற்ற நெறி தலைகீழானது. முதலில் எல்லாவற்றையும் உள்ளவாறே படியெடுக்கும் பொதுவிதி. பின்னரே விலக்குதற்குரிய சிறப்புவிதிகள். பொதுவிதியானது தான் சந்திக்கும் எக்கணுவையும் எப்பண்பையும் படியெடுத்து, அதன் பிள்ளைகளிடத்தும் அவ்வேலையே தொடரச் செய்யும். பிறபாடத்திற்கு உள்ளீடற்ற வார்ப்புரு ஒன்றை எழுதின், அவ்வுறுப்பும் அதனுள் அடங்கிய அனைத்தும் மறையும். பேதத்திற்கு அவ்வாறு வெற்றுவிதி எழுதலாகாது. எழுதினாற் கொண்டபாடமும் உடன்போம். ஆண்டுத் தன்னைப் படியெடாது பிள்ளைகளை மட்டும் தொடரவிடும் விதி வேண்டும். பலாவின் தோலை நீக்கிச் சுளையைக் கொள்வது போல. கொண்டபாடத்திற்கும் அதுவே. உள்ளே வேறொரு பேதம் இருப்பினும் அவ்விதியே அங்கும் சென்று தொழிற்படுமாதலின், அடுக்குக்கள் எத்தனை என்று முன்னரே எண்ண வேண்டுவதில்லை. பொதுவிதியும் சிறப்புவிதியும் ஓர் உறுப்பில் மோதினால் எது வெல்லும்? பெயர் சுட்டாத பொதுவிதிக்கு முன்னுரிமை எண் -0.5, பெயர் சுட்டிய விதிக்கு 0, நிபந்தனையுஞ் சேர்ந்ததற்கு 0.5. ஆகலின் இவற்றை எழுதிய வரிசை ஒரு பொருட்டன்று.

இடர் மிகுவது நிபந்தனையிலேயே. 'அ' என்னும் ஏட்டின் பாடம் எதுவும் இல்லாத செய்யுள்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்க. உள்ளிருக்கும் 'ஏடு' என்னும் பண்பு 'அ'வுக்குச் சமமன்று என எழுதுதல் இயல்பாகத் தோன்றும். எக்ஸ்பாத் என்னும் பாதைமொழியோ, சமமல்லாத பண்பு ஒன்றேனும் உண்டா என்றே இதற்குப் பொருள் கொள்ளும். எனவே 'அ', 'ஆ' ஆகிய ஈரேடுகளின் பாடமும் உள்ள செய்யுள், 'ஆ' இருத்தலினால் தேறிவிடும். பேதமே இல்லாத செய்யுளோ, ஒப்பிடுதற்குப் பண்பொன்றும் இன்மையால் தள்ளுண்டுபோம். வேண்டியதற்கு இரண்டும் மாறு. 'அ'வுக்குச் சமமானது உண்டு என்று முதலிற் கூறி, அம்முழுக்கூற்றையும் 'நொட்' என்னும் சார்பினால் மறுப்பதே முறை. களையும் நெறியில் இது மேலும் எளிது: 'அ' உள்ள செய்யுளுக்கு ஒரு வெற்றுவிதி எழுதினால் அமையும். பிறபாடங்கள் வெளியீட்டில் நீங்கினும் இந்நிபந்தனை பழுதுபடாது. விதிகள் நோக்குவது மூலமரத்தையேயன்றி விளைவுமரத்தையன்று.

இடைவெளியும் கருதத்தக்கது. பேதங்கள் இரண்டு அடுத்தடுத்து நின்று, அவற்றினிடையே வெற்றிடம் மட்டும் இருப்பின், 'ஸ்ட்ரிப் ஸ்பேஸ்' என்னும் கட்டளை அதனையும் நீக்கிச் சொற்களை ஒட்டிவிடும். இலக்கணம் அறியாத புணர்ச்சி இது! அடி என்னும் உறுப்பினை அக்கட்டளைக்கு உட்படுத்தாது விடுக.

2017 இல் வெளிவந்த எக்ஸ். எஸ். எல். ரி. 3.0, பொதுவிதியை ஒரே அறிவிப்பாகச் சுருக்கியுள்ளது. 1.0 மட்டுமே அறிந்த செயலிகளில் அதனைச் சில வரிகளில் எழுதியே தீரல் வேண்டும்.