ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சனிக்கிழமை

வியன்னாவுக்குக் குடிவந்த புதிதில் வார இறுதி என்றாலே நானும் என் கணவரும் விமான நிலையத்துக்கு ஓடுவோம். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் ஏதோ ஓர் ஊரில் ஹோட்டல் கதவைத் தட்டுவோம். ஞாயிறு இரவு காலெல்லாம் வீங்கி வீடு திரும்புவோம். அப்படி ஒரு பயணத்தில், இரண்டு நாளில் பார்த்தே தீர வேண்டிய 12 இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போய், பத்தாவது இடத்துக்குப் போகும் வழியில் ரயில் நடைமேடையிலேயே சண்டை வந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டே, "அடுத்த தடவை பக்கத்துலயே எங்கேயாவது போலாங்க. ஆளுக்கு ஒரு இடம் சொல்லுவோம். அதுக்கு மேல வேண்டாம்" என்றேன். "சரி, நீயே ஊரைச் சொல்லு" என்றார். நான் சொன்ன ஊர் பிராத்திஸ்லாவா.

ஸ்லோவாக்கியாவின் தலைநகரம் அது. வியன்னாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ரயிலில் ஒரு மணி நேரம். இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரே விசா போதும், பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். 2009 முதல் அங்கேயும் யூரோதான். 1914இல் இரு ஊர்களையும் இணைத்து மின்சார ரயிலே ஓடியிருக்கிறது. அன்று இரண்டும் ஒரே பேரரசுக்குள் இருந்தன.

கோடையில் போகிறவர்களுக்கு நான் படகைத்தான் சொல்வேன். வியன்னாவின் ஷ்வேடன்பிளாட்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். கால்வாயில் மெல்ல நகரும் படகு, டான்யூபில் சேர்ந்ததும் வேகம் பிடிக்கிறது. இரு கரையிலும் கட்டடமே இல்லாத ஆற்றங்கரைக் காடு. இங்கே நீர்மின் நிலையம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1984 டிசம்பர் குளிரில் மக்கள் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1996இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று. படகின் ஜன்னல் ஓரம் ஒரு மணி நேரம் பச்சை நகர்ந்துகொண்டே இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

பிராத்திஸ்லாவாவின் பழைய நகரத்தை நடந்தே பார்த்துவிடலாம். நடக்கும்போது தரையையும் கவனியுங்கள்: கற்களுக்கு நடுவே சின்னச் சின்னப் பித்தளைக் கிரீடங்கள் பதித்திருக்கும். ஹங்கேரியின் மன்னர்கள் முடிசூட்டு ஊர்வலம் போன பாதை அது. ஒட்டோமான்கள் ஹங்கேரியின் மையப் பகுதியைப் பிடித்துக்கொண்டதால், 1563 முதல் 1830 வரை முடிசூட்டு விழாக்கள் இங்குள்ள புனித மார்ட்டின் பேராலயத்தில் நடந்தன. 1741இல் மரியா தெரேசாவுக்கு முடிசூட்டியதும் இங்கேதான்.

அந்தப் பேராலயத்தின் சுவரை உரசுகிறாற்போல் ஒரு நெடுஞ்சாலை போவதைப் பார்த்ததும் மனது திடுக்கிட்டது. 1972இல் திறந்த பெரிய பாலத்துக்காகப் போட்ட சாலை. அதற்காகப் பழைய யூதர் குடியிருப்பையே இடித்துத் தள்ளினார்கள். பேராலயத்துக்குப் பக்கத்தில் நின்ற யூத ஆலயமும் போயிற்று. அது இருந்த இடத்தில் இப்போது ஒரு கருங்கல் சுவர், அதில் அந்த ஆலயத்தின் கோட்டுருவம். பாலத்தின் உச்சியில் பறக்கும் தட்டு போல இருக்கும் உணவகத்துக்கு எல்லோரும் லிப்ட் ஏறிப் போகிறார்கள். ஏறுவதற்கு முன் அந்தச் சுவரின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

சாப்பாடு என்றால் அந்த ஊரின் ரோல். கசகசா வைத்தது லாட வடிவம், வால்நட் வைத்தது பிறை போல. மேல்தோல் பளிங்கு மாதிரி கோடு கோடாக வெடித்திருக்கும். முட்டையைத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவிச் சுடுவதால் வருகிற வெடிப்பு அது. பிட்டால் மாவு மெல்லிய ஓடுதான், உள்ளே முழுக்கக் கருநீலக் கசகசா. இரண்டு வாங்கி ஆளுக்குப் பாதி மாற்றிக்கொண்டோம். உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளில் ஆட்டுப்பால் சீஸ் கலந்து தரும் ஹலுஷ்கியும் நன்றாக இருக்கும். மேலே பன்றி இறைச்சித் துண்டுகள் தூவித்தான் கொண்டுவருவார்கள். சைவக்காரர்கள் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

பழைய நகரம் நான் சொன்ன இடம். அவர் சொன்னது தேவீன் கோட்டை. பாலத்தடியிலிருந்து 29ஆம் எண் பேருந்து. அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். டான்யூபும் மொராவா ஆறும் கூடும் இடத்தில் பாறை மேல் நிற்கிற கோட்டை. 1809இல் நெப்போலியனின் படை வெடிவைத்துத் தகர்த்ததில் மிஞ்சியது இவ்வளவுதான். பிரதானப் பாறையிலிருந்து பிரிந்து, ஒற்றைப் பாறை நுனியில் ஒரு குட்டிக் கோபுரம். கீழே இரண்டு ஆறும் நிறம் மாறாமல் கொஞ்ச தூரம் சேர்ந்தே போகின்றன, பழுப்பும் சாம்பல் பச்சையுமாக.

அக்கரை ஆஸ்திரியா. கூப்பிடு தூரம். ஆனால் 1989 வரை, கம்யூனிஸ்ட் ஆட்சியில், இந்த ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்கே போக முடியாது. முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. கோட்டைக்குக் கீழே கரையில் ஒரு கான்கிரீட் வாயில் நிற்கிறது. எல்லையைத் தாண்டப் போய் உயிரைவிட்ட சுமார் 400 பேரின் நினைவுச் சின்னம். கான்கிரீட்டில் குண்டு துளைத்தது போலக் குழிகள். என் கணவர் ஒரு குழியில் விரலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். அந்த ஆட்சி ஆட்டம் கண்டதும், 1989 டிசம்பர் 10ஆம் தேதி பிராத்திஸ்லாவா மக்கள் பெருங்கூட்டமாக எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் ஊர்வரை நடந்தே போனார்கள். அதுவும் ஒரு வார இறுதிதான், ஞாயிற்றுக்கிழமை.

வெளியே கடைகளில் தேவீனுக்கே உரிய கரண்ட் பழ ஒயின் விற்கிறார்கள். ஒரு சின்னக் கோப்பை வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டோம். புளிப்பு முன்னால் வந்து, இனிப்பு பின்னால் வந்தது.

சாயங்காலம் திரும்பிவிட மனம் வரவில்லை. ஒரு ராத்திரி தங்கிவிட்டு, ஞாயிறு காலை வாடகை சைக்கிளில் மொராவா ஓரமாக வடக்கே போனோம். தேவீன்ஸ்கா நோவா வெஸ் பகுதியில், 2012இல் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். கார் போக முடியாது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பெயர் வைக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது ஹாலிவுட் நடிகர் சக் நாரிஸ் பெயர்தான் முந்தியது. ஆனாலும் ஆற்றைக் கடக்கப் போய் இறந்தவர்களை நினைத்து, சுதந்திரத்தின் பெயரையே வைத்தார்கள். சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாலம் தாண்டினால் ஷ்லோஸ் ஹோஃப் அரண்மனை. முதலில் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் ஆய்கனின் மாளிகை. 1755இல் மரியா தெரேசா வாங்கினார். தோட்டம் ஏழு படிகளாக ஆற்றை நோக்கி இறங்குகிறது. பண்ணையில் வெள்ளைக் கழுதைகள் இருக்கின்றன, குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போனால் அரை நாள் போய்விடும். நாங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினோம். ஒரு வயதான தம்பதி எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தார்கள். அந்த அம்மா அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். எங்களைக் கடக்கும்போது இருவரும் தலையசைத்துவிட்டு, பேச்சை விடாமல் ஆஸ்திரியா பக்கம் நடந்து போனார்கள். நாடு மாறுவதைக் காட்ட ஒரு பலகை இருந்தது. அவர்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சா?" என்று கேட்டேன். "அரை மணிக்கு ஒண்ணு இருக்கு, கொஞ்ச நேரம் இருப்போம்" என்றார்.