பழைய வண்டிக்காரர் – 11: காரைக்கால் தண்ணீர்

டெல்டாவில் வண்டிக்கு ஏற்றம் என்று ஒன்று வருவது ஆற்றுப் பாலங்களில்தான். அரசலாறு, நண்டலாறு, திருமலைராஜன் ஆறு என்று காரைக்கால் பக்கம் பாலங்களுக்குக் குறைவில்லை. மலை என்று ஒரு மேடுகூடக் கிடையாது. இருந்தும் இங்கே ஓடும் பழைய பி.ஒய். 02 வண்டிகளுக்கு ஹெட் கேஸ்கட் போகிறது. எனக்குத் தெரிந்து காரணம் இரண்டு: சனிக்கிழமையும் தண்ணீரும்.

சனிக்கிழமையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காரைக்காலுக்கு மேற்கே 5 கிலோமீட்டரில் திருநள்ளாறு. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி மாதிரியான நாளை விடுங்கள், சாதாரண சனிக்கிழமையிலேயே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அம்பாசடரின் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. ஐடிலில் இன்ஜின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகவே சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் காற்று குறைவு. முள் ஏறுகிறது என்று தெரிந்தால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஓரம்கட்டுவதுதான் புத்தி. சாமி எங்கேயும் போய்விடாது.

தண்ணீர் கதை கொஞ்சம் நீளம். கடற்கரையை ஒட்டிய பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. குளிக்கவே சோப்பு நுரைக்காத தண்ணீரை ரேடியேட்டருக்கு மட்டும் தாராளமாக ஊற்றுகிறோம். உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அலுமினிய ஹெட்டாக இருந்தால் தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பில் குழி குழியாக அரிக்கும். சுண்ணாம்பு கலந்த தண்ணீர் என்றால் உள்ளே பொருக்கு கட்டி, சூடு வெளியேற விடாது. இப்படி வருடக்கணக்கில் அரித்த விளிம்பின் மேல்தான் கேஸ்கட் உட்கார்ந்திருக்கிறது.

அது செய்கிற வேலை சின்னதல்ல. மேலே ஹெட், கீழே பிளாக். நடுவில் இருந்துகொண்டு சிலிண்டர் நெருப்பையும் தண்ணீரையும் ஆயிலையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருக்க வேண்டும். எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல பத்து மடங்கு. பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு என்பதால் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் ஹெட் அலுமினியம். அது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் காய்ந்தாலே ஹெட் வளைந்துவிடும் என்பது அதனால்தான்.

கேஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்டுமுன் ரேடியேட்டர் மூடி, ஹோஸ், வாட்டர் பம்ப் மூன்றையும் பாருங்கள். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலே தண்ணீர் குறையும். அதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் தினமும் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் அது பெரும்பாலும் சிலிண்டருக்குள்தான் போகிறது. இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப்புகை இன்னொரு அடையாளம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு என்றால் கேஸ்கட் அந்த இரண்டுக்கும் நடுவே கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத்தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஹெட்டைத் தூக்கிய பிறகு பலரும் புது கேஸ்கட் மாட்டி மூடிவிடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். சில சிறிய கார்களின் கையேடு அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான். மீறினால் லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடிக்க வேண்டும். கிராக் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அளவுக்கு மேல் இழைத்தால் கம்ப்ரஷன் ஏறி இன்ஜின் தட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சில், படிப்படியாக இறுக்க வேண்டும். கை அளவு சரியாக இருக்கும் என்று சொல்கிற அண்ணனிடம் பணிவாக ரெஞ்சை நீட்டுங்கள். பழைய வகை கேஸ்கட் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கையேட்டில் சொன்னபடி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையோடு வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறியும் பழக்கம் ஒன்று நம் பட்டறைகளில் இருக்கிறது. 'நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு சார் இது?' எனக்கு இதில் உடன்பாடில்லை. அது இல்லாத இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். அதை எறிவதால் அடைத்த ரேடியேட்டர் சரியாகிவிடவும் செய்யாது.

செலவு செய்யலாமா என்பது தனிக் கணக்கு. அம்பாசடர் உற்பத்தி உத்தர்பாராவில் நின்றது 2014 மே மாதத்தில். 15 வருடம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதையும் கட்டி வைத்திருப்பவர் கூலண்ட்டுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. பனி உறையாத ஊரிலும் கூலண்ட் வேண்டும், துருவைத் தடுப்பதற்காக. கலக்க டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வடிகட்டி வைத்தாலும் போர் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல். கூலண்ட் கலந்த பழைய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் குடிக்கும், அது விஷம்.

(அடுத்த வாரம்: ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது)