ஹஜ்ரத்தின் நடையை அளந்த கருவி

உங்கள் இல்லத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் கடைசியாக எப்போது கீழே விழுந்தார் என்று கேட்டுப் பாருங்கள். "நானா? நான் எங்கே விழுந்தேன்?" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். விழுந்ததைச் சொன்னால் தனியாக வெளியே அனுப்ப மாட்டார்கள், பள்ளிவாசலுக்குப் போவதையும் தடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு.

மயிலாப்பூரில் நான் பாடம் நடத்தும் மதரஸாவின் மூத்த ஹஜ்ரத் அவர்களும் அப்படித்தான் மறைத்தார்கள். வயது எழுபத்தெட்டு. ஒரு நாள் சுப்ஹு நேரத்தில் ஒளுச் செய்துவிட்டு ஸஃப்புக்குத் திரும்பும்போது ஈரத் தரையில் சாய்ந்துவிட்டார்கள். முழங்கையில் இருந்த கட்டைப் பார்த்து நாங்கள் கேட்டபோது, "கதவு இடித்துவிட்டது" என்றார்கள். பின்னர் விசாரித்தபோதுதான், அந்த ஆண்டில் அது மூன்றாவது முறை என்பது தெரிய வந்தது.

இதைச் சிறிய செய்தியென்று ஒதுக்கிவிட முடியாது. உலகெங்கும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிகுதியானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். உயிர் தப்பினாலும் இடுப்பெலும்பு முறிந்தால், நேற்றுவரை தாமே கடைத்தெருவுக்குச் சென்று வந்தவர் கட்டிலோடு ஒடுங்கிவிடுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். இன்று அந்த விகிதம் இன்னும் கூடியிருக்கிறது.

விழுந்த பிறகு கட்டுப்போடுவதை விட, விழப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? அடையாற்றில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் ஹஜ்ரத்தை அழைத்துச் சென்றபோதுதான் இயலும் என்பதை நேரில் கண்டேன். தீப்பெட்டியளவே உள்ள ஒரு கருவியைப் பட்டையில் கோத்து, அவர்களின் இடுப்பின் பின்புறம் கட்டினார். அதன் பெயர் சென்சார், அதாவது உணர்கருவி. கலைப் பட்டதாரியான எனக்கு இயற்பியல் எட்டாத கனி. ஆயினும் அவர் விளக்கியது எளிதில் புரிந்தது. பேருந்து திடீரென்று நின்றால் நம் உடல் முன்னே சாய்கிறதல்லவா? அத்தகைய அசைவை அளப்பது முடுக்கமானி. உடல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை அளப்பது சுழல்மானி. இவ்விரண்டும் அச்சிறு பெட்டிக்குள் அமர்ந்து, ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ நூறு முறை கணக்கெடுக்கின்றன. நம் கைப்பேசிக்குள்ளும் இவை இருக்கின்றன என்பது எனக்குப் புதுச் செய்தி.

நடையை அளக்கும் ஆசை இன்று தோன்றியதன்று. 1870களிலேயே பிரான்சு நாட்டின் மாரே என்ற அறிஞர், காற்றறை பொருத்திய காலணிகளை மனிதருக்கு அணிவித்து, ஒவ்வோர் அடியும் தரையில் பதியும் நேரத்தைச் சுழலும் உருளையில் கோடுகளாகப் பதியச் செய்தார்!

ஹஜ்ரத்துக்கு வைத்த பரீட்சை மிக எளியது. நாற்காலியிலிருந்து எழ வேண்டும், மூன்று மீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வந்து அமர வேண்டும். இம்முறையைக் கனடாவில் இருவர் 1991இல் வகுத்தனர். பன்னிரண்டு வினாடிகளோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அளவுகோல். கடிகாரம் மொத்த நேரத்தை மட்டுமே சொல்லும். எழுவதற்கு எவ்வளவு, திரும்புவதற்கு எவ்வளவு, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நேரம் எவ்வளவு மாறுகிறது என்று பிரித்துச் சொல்வது சென்சார். மெதுவாக நடப்பதை விட, அடிக்கு அடி நேரம் மாறுபடுவதே பெரிய எச்சரிக்கை என்றார் அம்மருத்துவர். ஹஜ்ரத் நேராக நடந்ததில் குறையில்லை. திரும்பும்போதுதான் எட்டுச் சிற்றடிகள் எடுத்தார்கள், உடலும் பக்கவாட்டில் ஆடியது. பள்ளிவாசலில் விழுந்ததும் திரும்பும்போதுதானே!

அடுத்து நடந்ததை நான் என்றும் மறவேன். ஏதேனும் பேசிக்கொண்டே நடக்கச் சொன்னார் மருத்துவர். ஹஜ்ரத் யாஸீன் சூராவை ஓதியபடி நடந்தார்கள். நடையில் சிறு மாற்றமும் இல்லை. எனக்கோ பெருமை தாளவில்லை. மருத்துவர் புன்னகைத்து, "அறுபது ஆண்டுகளாக நாவில் இருப்பது. மூளைக்கு அதில் வேலையில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடங்கள்" என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு... அவ்வளவுதான், ஹஜ்ரத் நின்றுவிட்டார்கள். பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள் பின்னர் விழும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997இல் எழுதியிருக்கிறார்களாம். தெருவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளைக் கணிப்பதும் இந்தக் கழித்தல் கணக்கைப் போன்றதுதானே?

இக்கருவியை ஆருடம் சொல்லும் பெட்டியாக எண்ணிவிட வேண்டாம். தரை ஈரமாயிருப்பதையோ, கைலி காலில் தட்டுவதையோ, தூக்க மாத்திரையின் மயக்கத்தையோ அது அறியாது. மேலைநாடுகளில் காலணியோடு நடப்போரிடம் திரட்டிய அளவுகளை, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம்மவர்க்கு அப்படியே பொருத்துவது சரியாகுமா என்பது என் ஐயம்.

நம் நகரம் இத்துறையில் பின்தங்கியதன்று. முதியோர் மருத்துவத்துக்கெனச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே தனிப் பிரிவு கண்டவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான மையம், கால் இழந்தோர் இடறாமல் நடக்க உதவும் 'கதம்' என்னும் செயற்கை முழங்கால் மூட்டை 2022இல் வெளியிட்டது.

ஆனால் தெருக்களோ! 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை அமைத்தார்கள். அதைவிட்டுப் பக்கத்துச் சந்துகளில் நுழைந்தால் நடைபாதை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதில்லை. சாலையைக் கடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில்தான் பொதுவாகச் சிக்னல் நேரத்தை வகுக்கிறார்கள். ஹஜ்ரத்தின் வேகம் 0.8 மீட்டர். பச்சை விளக்கு அவர்களுக்காக எரிவதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

மருத்துவர் தந்த யோசனைகளில் செலவு வைப்பவை சிலவே. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் அமர்ந்திருந்து பின்னர் நிற்பது. இரத்த அழுத்த மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டி மறுபரிசீலனை செய்வது. கண்புரை இருக்கிறதா என்று பார்ப்பது. நாற்காலியைப் பற்றிக்கொண்டு நாளும் குதிகால் உயர்த்திப் பழகுவது. ஒற்றைக் காலில் நின்று மறு காலைக் கழுவாமல், அமர்ந்து ஒளுச் செய்யச் சொன்னார். இயலாதோர் அமர்ந்து தொழ மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஊருக்கெல்லாம் போதித்த ஹஜ்ரத், தமக்கென்று வந்தபோது அந்த முக்காலியை ஏற்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்தோம். திரும்புவதற்கு எட்டு அடிகள் ஆறாகியிருந்தன. ஏழைக் கழிக்கும் கணக்கில் ஐம்பத்தெட்டு வரை நிற்காமல் சென்றார்கள். வீடு திரும்பும் வழியில் ஆட்டோவில், மீதிக் கணக்கை மெல்லிய குரலில் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.