சுங்கம் இல்லாத கடல் பாதை

மாகிமில் பஸ் ஏறி பாந்திரா போகும்போது, சாலையின் இருபுறமும் சிறிது தூரம் தண்ணீர் தெரியும். நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். உப்பங்கழியின் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய இந்தப் பாதைதான் 'மாகிம் காஸ்வே'. ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து பிள்ளைகுட்டிகளுடன் ஜூகு கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதுவே வாசற்படி.

இதற்குப் பெரும் பணம் கொடுத்தவர் ஒரு பெண்மணி!

எதிரெதிர்க் கோட்டைகள்

1661-ல் போர்ச்சுக்கீசியர் பம்பாய்த் தீவை இங்கிலாந்து மன்னருக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். பாந்திரா இருக்கும் சால்செட் தீவைக் கொடுக்கவில்லை. மாகிமில் ஒரு கோட்டை, எதிரே பாந்திராவில் ஒரு கோட்டை. சால்செட்டை 1739-ல் மராத்தியர் பிடித்தார்கள். 1774-ல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இரு கரையும் ஒரே ஆட்சிக்கு வந்த பிறகும், நடுவில் படகுதான். மழைக்காலத்தில் படகு கவிழ்வதும் உயிர் போவதும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே பாதை போட்டார்கள். பாந்திராக்காரர்களுக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

ஆவாபாய் அம்மையார்

கிழக்கிந்தியக் கம்பெனி பணப்பையை அவிழ்க்கவில்லை. அப்போது முன்வந்தவர் ஆவாபாய் அம்மையார். ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்தாரே, பார்சி வணிகர் சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய், அவருடைய மனைவி. அவர் கொடுத்தது ஒன்றரை லட்ச ரூபாய்க்கும் மேல். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை!

பணத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: இந்தப் பாதையில் போகிறவர் எவரிடமும் சுங்கம் வாங்கக் கூடாது. தலைச்சுமையோடு வரும் மீன்காரிக்குக் காலணாவும் பெரிது என்பது அந்த லட்சாதிபதி வீட்டு அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

1845-ல் பாதை திறந்தது. மேற்குப் பக்கம் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியதே 1867-ல்தான். நாம் 'எல்.ஜே. ரோடு' என்று சுருக்கிச் சொல்லும் மாகிம் சாலையின் முழுப்பெயர் லேடி ஜாம்ஷெட்ஜி ரோடு.

வேளாங்கண்ணியில் திருவிழா நடக்கும் செப்டம்பர் மாதத்திலேயே பாந்திரா மலைமாதா கோயிலிலும் திருவிழா. ஊருக்குப் போக லீவு கிடைக்காத நம்மவர்கள் மெழுகுவர்த்தியோடு அங்கே போகிறார்கள். அவர்களுக்கும் இதுவே வழி.

மித்தி ஆறு

விகார், பொவாய் ஏரிகளிலிருந்து வரும் மித்தி ஆறு இந்தப் பாதையின் பாலத்தடியில்தான் கடலில் சேர்கிறது. அகலமாய் இருந்த வாய் அன்றே குறுகியது. பிறகு பாந்திரா-குர்லா பக்கம் சதுப்பைத் தூர்த்துக் கட்டடங்கள் எழுப்பினார்கள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி பொங்கி குர்லாவும் தாராவியும் மிதந்தன. பழியை ஆவாபாய் தலையில் போடுவது நியாயமல்ல. ஆற்றின் இடத்தைப் பிடித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

2009-ல் பாந்திராவிலிருந்து வர்ளிக்குக் கடல் மேல் 5.6 கிலோமீட்டர் பாலம் வந்தது. அழகான பாலம்தான். அதில் சுங்கம் உண்டு. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அனுமதி இல்லை. நடந்து போகிறவர்கள் இன்றும் காஸ்வே வழியாகத்தான் போகிறார்கள், காசு கொடுக்காமல்.