பிடித்த காற்று எத்தனை நாள் தாங்கும்?

ஓசூர் சிப்காட் பக்கம் ராத்திரி நாத்தம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுத்து ஆள் வருவதற்குள் காற்று திசை மாறிவிடும். அப்புறம், "எங்கேங்க நாத்தம்?" என்ற கேள்விதான் மிஞ்சும். அந்த நேரத்துக் காற்றையே பிடித்து வைத்தால்?

கடலூர் சிப்காட் கிராமத்து மக்கள் 2004-ல் அதைத்தான் செய்தார்கள். மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு டெட்லார் பை. வாளிக் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சினால், பை வெளிக்காற்றை இழுத்து உப்பும். பைகள் அமெரிக்க ஆய்வகம் வரை போயின. 22 நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன. அதில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

ஆனால் பைக்குள் போனது அப்படியே இருக்காது. சில வாயுக்கள் மெல்லக் கசியும், சில பையின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், வெயில் பட்டால் சில சிதையும். அதனால் 3 நாளுக்குள் சோதிப்பதுதான் வழக்கம். அழுகிய முட்டை நாத்தம் என்றால், அது ஹைட்ரஜன் சல்பைடு. 24 மணி நேரம்தான் கெடு. தாமதமானால் அளவு குறைவாகவே காட்டும். லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்ஜில் வைக்கலாமா? கூடாது, இது பால் பாக்கெட் இல்லை. குளிரில் ஈரம் துளியாகி, வேதிப்பொருளையும் கரைத்துக்கொள்ளும். நிழலில், கறுப்பு உறைக்குள் வைத்தால் போதும். கரித்தூள் அடைத்த குழாயில் பிடித்ததற்குத்தான் குளிர் வேண்டும்.

வெற்றிடமாக்கிய எஃகு கலன் என்றால் 30 நாள் வரை தாங்கும்; விலைதான் எட்டாது. எதில் பிடித்தாலும், பிடித்த தேதியையும் நேரத்தையும் அப்போதே அதன்மேல் எழுதிவிடுங்கள்.