வழக்குரைக்கப் பழகும் அவை

நுழையும்முன்

சட்ட நூல்களைக் கற்பது வேறு. கற்றதை அவையில் எடுத்துரைப்பது வேறு. வழக்குரைஞரை நம்பி வரும் ஒருவரின் வீடோ, நிலமோ, விடுதலையோ அவ்வழக்குரைஞர் உரிய நேரத்தில் கூறும் சில சொற்களைச் சார்ந்து நிற்கக்கூடும். அச்சொற்களைக் கூறுவதற்குச் சட்டக்கல்லூரி மாணவர்கள் எவ்வாறு பழக்கப்படுகிறார்கள் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

மருத்துவம் பயிலும் மாணவர், நோயாளியைத் தொடுவதற்கு முன் உயிரற்ற உடலில் உடற்கூற்றைக் கற்கிறார். அங்கே கை தவறினாலும் எவருக்கும் ஊறு நேர்வதில்லை. சட்டம் பயிலும் மாணவருக்கு அத்தகைய இடமாக விளங்குவது மாதிரி நீதிமன்றம். அங்கே வழக்கு கற்பனையானது. வாதியும் பிரதிவாதியும் கற்பனையானவர்கள். ஆனால், எடுத்துரைக்கும் சட்டமும் மேற்கோளாகக் காட்டும் தீர்ப்புகளும் உண்மையானவை. நீதிபதியின் இருக்கையில் அமர்ந்திருப்பவர் கேட்கும் கேள்விகளும் உண்மையான நீதிமன்றத்தில் கேட்கப்படுபவையே.

அவையும் அச்சமும்

இத்தகைய பயிற்சியை ஆங்கிலத்தில் 'மூட்' என்பர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் மூலவடிவம் மக்கள் கூடிப் பேசும் அவையைக் குறித்தது. இலண்டன் மாநகரில் வழக்குரைஞர்களை உருவாக்கும் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் நான்கு சங்கங்களில் இடைக்காலத்திலேயே இப்பயிற்சி வேரூன்றியிருந்தது. அச்சுநூல்கள் பெருகாத அக்காலத்தில் மூத்தவர்கள் முன்னிலையில் வாதிட்டே இளையவர்கள் சட்டத்தைக் கற்றனர். அவையில் பேசுவதைத் தனித்த கல்வியாகக் கருதும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தவர் வள்ளுவர். அவையை அறிந்தவரும் அஞ்சலாம் என்பது அவ்வரிசையிலேயே புலப்படுகிறது.

இந்தியாவில் இப்பயிற்சி விருப்பப்பாடமன்று. இந்திய வழக்குரைஞர் கழகம் 2008ஆம் ஆண்டு வகுத்த சட்டக்கல்வி விதிகள் இதனைக் கட்டாயமாக்கியுள்ளன. அதன்படி, மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதிரி வழக்குகளில் வாதிட வேண்டும். வழக்கொன்றுக்குப் பத்து மதிப்பெண். அவற்றுள் ஐந்து எழுத்து வடிவிலான வாதுரைக்கு, ஐந்து வாய்மொழி வாதத்திற்கு. இவையன்றி, உண்மையான நீதிமன்றத்திற்குச் சென்று இரண்டு வழக்குகளின் விசாரணையைக் கண்டு குறிப்பெழுதுவதும் இப்பாடத்தின் பகுதியாகும். நாவுக்கும் எழுதுகோலுக்கும் சம மதிப்பெண் வழங்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. நன்றாகப் பேசுபவர்கள் நன்றாக எழுதத் தேவையில்லை என்று எண்ணிவிடுவது இத்துறையில் பலருக்கு நேரும் பிழை.

மாலையில் வரும் ஆசிரியர்

இப்பாடத்தை யார் கற்பிப்பது? முழுநேரப் பேராசிரியர்கள் சட்டத்தின் கோட்பாட்டை ஆழ்ந்து கற்றவர்கள். ஆயினும், அன்று காலையில் நீதிபதி எந்த வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார், எதனை இடைமறித்தார் என்பதை நீதிமன்றத்திலிருந்து வருபவரால்தான் சொல்ல முடியும். ஆகவே, வாதத்திறன் வகுப்புகளுக்குத் தொழிலில் இருக்கும் வழக்குரைஞர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக அழைக்கும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. பதிவுசெய்த வழக்குரைஞர், தொழிலில் இருந்துகொண்டே முழுநேர ஊதியப் பணியை ஏற்கக்கூடாது என்பது பொதுவிதி. சட்டம் கற்பிப்பதற்கு மட்டும் 1979ஆம் ஆண்டு விதிகள் வழிவிட்டன: நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மிகாமல் அவர் கற்பிக்கலாம். தொழிலையும் கற்பித்தலையும் இணைத்து நடத்தியவர்களுள் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர். பம்பாயில் வழக்குரைஞராக இருந்த அவர், 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டத்தைப் பகுதிநேரமாகக் கற்பித்தார். பின்னர் அரசு சட்டக்கல்லூரியில் பேராசிரியராகி, 1935இல் அதன் முதல்வரானார்.

இவ்வேற்பாட்டில் குறையில்லாமலில்லை. வழக்கு பிற்பகலிலும் நீண்டுவிட்டால் ஆசிரியர் வருவதில்லை. மாணவர்கள் வெற்று வகுப்பறையில் காத்திருந்து கலைகிறார்கள். வருபவர்களுள்ளும் தம் வெற்றிக் கதைகளைச் சொல்லிப் பொழுதைக் கழிப்பவர் உண்டு. நல்ல பகுதிநேர ஆசிரியர், தாம் தோற்ற வழக்கின் கட்டை எடுத்துவந்து, எந்த இடத்தில் தவறினோம் என்று காட்டுவார். மாணவர்க்கு அதுவே பெரும்பயன் தரும்.

அரசனுக்காக வாதிடுதல்

மாதிரி நீதிமன்றம் நடைபெறும் முறையை, நாமறிந்த ஒரு வழக்கைக் கொண்டே காணலாம். சிலப்பதிகாரத்தின் இருபதாவது காதைக்கு வழக்குரை காதை என்று பெயர். உரிமையியல் வழக்கில் வாதி தாக்கல் செய்யும் மனுவுக்கும் இன்று வழக்குரை என்றே பெயர். கண்ணகி தொடுத்த வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்ததாகக் கொள்வோம். மாணவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். எந்த அணி எத்தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள்.

கண்ணகியின் தரப்பு கிடைத்தவர்கள் மகிழ்வார்கள். அரசனின் தரப்பு கிடைத்தவர்கள், 'ஐயா, இவ்வழக்கில் சொல்வதற்கு ஒன்றுமில்லையே' என்பார்கள். பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. நீதிமன்றத்திற்கு வருவோர் அனைவரும் நாம் விரும்பும் பக்கத்தில் நிற்பவர்களாக இருக்கமாட்டார்கள். அவர்கள் சார்பிலும் சட்டம் அனுமதிக்கும் அனைத்தும் சொல்லப்பட வேண்டும். அவ்வாறு சொல்லப்படாமல் ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்பதுதானே கோவலனின் கதை!

அரசனின் அணியினர் காப்பியத்தை மீண்டும் படிக்கிறார்கள். அரசியின் சிலம்பு காணாமற்போனது உண்மை. செய்தி கூறிய பொற்கொல்லன் அரண்மனைக்கு அறிமுகமானவன். அவன் சொல்லை நம்பக் காரணம் இருந்தது. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொல்க என்பதே ஆணை. அதாவது, அது நிபந்தனைக்கு உட்பட்டது. காவலருள் ஒருவர்கூடக் கோவலனின் தோற்றத்தைக் கண்டு ஐயுற்றார். அந்த ஐயத்தைத் தீர்க்காமல் வாளை வீசியது வேறொருவரின் செயல். இவ்வளவையும் திரட்டிய பிறகு, ஒன்றுமில்லை என்றவர்களிடம் ஒரு வாதம் உருவாகியிருக்கிறது.

வாதம் நடக்கும் நாளில், நீதிபதி இருக்கையிலிருக்கும் ஆசிரியர் இடைமறிக்கிறார். "ஆணையிடுமுன் கோவலன் அழைத்துவரப்பட்டாரா?" "இல்லை." "நீங்கள் சொல்லும் நிபந்தனை நிறைவேறியதா என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?" "காவலர்." "அவர்கள் விசாரிக்க வேண்டும் என்று ஆணையில் எங்கேனும் உள்ளதா?" மாணவர் திகைத்து நிற்கிறார். ஆசிரியர் அங்கே வாதத்தை நிறுத்தி, வகுப்பைப் பார்த்துப் பேசுகிறார். இல்லாத ஒன்றை உண்டென்பது நீதிமன்றத்தை ஏமாற்றுவதாகும். 'அதற்குப் பிறகு வருகிறேன்' என்று நழுவுவதும் பயன்தராது. நீதிபதியின் மனத்தில் அக்கேள்வியே நின்றுகொண்டிருக்கும். 'அவ்வாறு ஆணையில் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆயினும், அக்குறை ஆணையைக் கவனக்குறைவானதாக்குகிறதே அன்றி, தீய நோக்குடையதாக்கவில்லை என்பதே என் வாதம்' என்று சொல்லலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் காக்கும் இந்த ஒரு விடையைக் கற்பதற்குச் சிலருக்கு ஓராண்டு ஆகும்.

கண்ணகியின் அணியினர்க்கும் கேள்விகள் எளியவை அல்ல. வழக்கை வென்றது சிலம்பை உடைத்ததால் என்றே பலரும் நினைப்பர். ஆசிரியர் காப்பிய நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்க்கச் சொல்கிறார். தம் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி முதலில் அறிவிக்கிறார். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பு அதன் பிறகே வரவழைக்கப்பட்டு உடைக்கப்படுகிறது. சான்று வெளிப்படுமுன், அது எதை மெய்ப்பிக்கும் என்பதில் இரு தரப்பும் உடன்பட்டுவிட்டன. வரிசை மாறி, உடைத்த பின் அரசனின் விடை கேட்கப்பட்டிருந்தால், அரசியின் சிலம்பிலும் மாணிக்கமே என்று சொல்ல அவனுக்கு இடமிருந்திருக்கும். சாட்சியை வினவுவோர் இன்றும் பின்பற்றும் உத்தி இது.

வினவும் கலை

மேற்கண்டது சட்டச் சிக்கலை மட்டும் விவாதிக்கும் மேல்முறையீட்டு வகை. சாட்சிகளை நிறுத்தி விசாரிக்கும் மாதிரி விசாரணை மற்றொரு வகை. அதில் மாணவர்கள் பெரிதும் இடறுவது வினாவின் அமைப்பில்தான். 'அன்று மாலை ஆறு மணிக்கு நீங்கள் கடை வாயிலில் நின்றீர்கள் அல்லவா?' என்னும் வினா, விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இதனைத் தம் தரப்புச் சாட்சியிடம் முதல் விசாரணையில் பொதுவாகக் கேட்கக்கூடாது. எதிர்த்தரப்புச் சாட்சியிடம் குறுக்கு விசாரணையில் கேட்கலாம். 'அன்று மாலை ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?' என்பது முதல் விசாரணைக்கு உரிய வடிவம். 1872ஆம் ஆண்டின் சான்றுச் சட்டத்திலிருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்திலும் தொடர்கிறது. விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவரே, சாட்சிக் கூண்டில் நண்பரை நிறுத்தியதும் முதல் வினாவிலேயே அதனை மீறிவிடுவார்.

சொல்லாட்சியிலும் சில நெறிகள் உண்டு. வழக்குரைஞர் 'நான் நம்புகிறேன்' என்று கூறுவதில்லை. 'பணிந்து எடுத்துரைக்கிறேன்' என்கிறார். அவருடைய நம்பிக்கை அங்கே சான்றாகாது. தமக்குப் பாதகமான முன்தீர்ப்பு ஒன்றை அறிந்திருந்தால் அதனை மறைக்கக்கூடாது. தம் வழக்கு அதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். போட்டியில் பரிசு பெறுவதை மட்டும் கருதிப் பழகியவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். 1960இல் தொடங்கிய ஜெசப் பன்னாட்டுச் சட்டப் போட்டி முதலாகப் பல போட்டிகள் இன்று நடைபெறுகின்றன. அவை நன்மையே எனினும், கல்லூரிக்கு நான்கைந்து பேர் கோப்பை வெல்ல, ஏனையோர் பார்வையாளராக இருந்துவிடுவது இப்பாடத்தின் நோக்கமன்று.

எந்த மொழியில்?

பின்வரிசையில் அமரும் மாணவர்களைப் பற்றியே பகுதிநேர ஆசிரியர் மிகுதியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், தமிழ்வழியில் பயின்றவர்கள், ஆங்கிலத்தில் நடக்கும் மாதிரி வழக்கில் வாய்திறப்பதில்லை. அவர்களிடம் வாதம் இல்லை என்று முடிவுகட்டுவது அநீதி. அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம் முதன்மை பெறுகிறது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களிலோ தமிழுக்கு இடமுண்டு. அங்கே சாட்சி சொல்ல வரும் உழவரையும் கட்டடத் தொழிலாளியையும் அவர்தம் பேச்சிலேயே வினவத் தெரிந்தவரே சிறந்த வழக்குரைஞர்.

ஆகவே, இத்தகைய மாணவரை முதல் வாதத்தைத் தமிழிலேயே நிகழ்த்தச் சொல்வது நல்ல வழி. இரண்டு நிமிடத்தில் வழக்கின் சாரம், மூன்று நிமிடத்தில் வாதம், இடையிடையே கேள்விகள். வாதத்தின் எலும்புக்கூடு உறுதியானபின், அதே வாதத்தை ஆங்கிலத்தில் எழுதி வரச் சொல்லலாம். மொழி தடுமாறினாலும், சொல்ல வேண்டியது என்ன என்பதில் அப்போது தடுமாற்றம் இராது.

முதல் சுற்று முடிந்த மறுவாரம் அணிகள் இடம் மாறுகின்றன. கண்ணகிக்காக உருக்கமாகப் பேசிக் கைத்தட்டல் பெற்றவர், இப்போது அரசனின் தரப்பு மேசைக்கு முன் நிற்கிறார். சென்ற வாரம் தாமே எழுப்பிய வாதங்களுக்கு விடை தேடித் தம் குறிப்பேட்டைப் புரட்டுகிறார். நீதிபதி இருக்கையிலிருந்து குரல் வருகிறது: "தொடங்கலாம்."