மலை தலைக்கு மேல் நின்றபோது

சீனாய் மலையடியில் மோசேயின் வழியாக இஸ்ரவேலர் இறைச்சட்டமாகிய தோராவைப் பெற்ற வரலாறும், கட்டளைகளை முழுவதும் கேட்டறியும் முன்பே அவற்றின்படி நடப்பதாக வாக்களித்த அவர்களுடைய துணிவும் சென்ற இதழில் சொல்லப்பட்டன. அவற்றை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. இவ்வாரத்துக்குரியது தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத் பண்டிகையின் இரவு விழிப்பு என்றாலும், அதற்கு முன்பே பாபிலோனியத் தல்மூதின் ஒரு பக்கம் வழிமறித்து நிற்கிறது.

யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் வேத விளக்கங்களும் திரண்ட பெருநூலாகிய தல்மூதில், ஓய்வுநாள் விதிகளைப் பேசும் ஷபாத் பகுதியில், ரவ் அவ்திமி என்ற அறிஞரின் விளக்கம் ஒன்று இடம்பெறுகிறது. மக்கள் மலையடியில் நின்றதாகக் கூறும் யாத்திராகம வாக்கியத்துக்கு மலையின் கீழேயே நின்றார்கள் என்று பொருள் கொள்ளும் அவர், இறைவன் மலையைப் பெயர்த்து ஒரு மிடாவைப் போல அவர்கள் மேல் கவிழ்த்துப் பிடித்து, தோராவை ஏற்றால் நலம், மறுத்தால் அங்கேயே புதைகுழி என்று அறிவித்ததாக உரைக்கிறார்.

அப்படியானால் தோராவுக்கு எதிராக வலுவான சட்ட ஆட்சேபம் எழுகிறதே என்கிறார் ரவ் ஆகா பர் யாக்கோபு என்ற மற்றோர் அறிஞர். கட்டாயத்தின் பேரில் சொத்தை விற்க நேர்ந்த ஒருவர், அது தம் மனமொப்பிய செயலன்று எனச் சாட்சிகள் முன்னிலையில் முன்கூட்டியே அறிவித்திருந்தால், அவ்விற்பனை செல்லாது என்று பின்னர் வாதிட யூதச் சட்டம் இடமளித்தது. ஓர் எளிய விற்பனையாளருக்கு உரிய அந்தப் பாதுகாப்பை இறைவனோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் பொருத்திப் பார்த்த நேர்மையும், அந்த ஆட்சேபத்தை அழிக்காமல் புனித நூலிலேயே பதிந்து வைத்த மரபின் நெஞ்சுரமும் போற்றத்தக்கவை.

மறுமொழி, 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் மகோசா நகரில் கற்பித்த ராவா என்பவருடையது. அகாஸ்வேரு என்ற பாரசீக மன்னனின் காலத்தில் மக்கள் தோராவை மீண்டும், இம்முறை தாமாகவே, ஏற்றுக்கொண்டனர் என்கிறார் அவர். அம்மன்னனின் அமைச்சன் ஆமானின் படுகொலைத் திட்டத்திலிருந்து தப்பிய யூதர்கள் பூரிம் பண்டிகையை வழிவழியாகக் கொண்டாட உறுதிபூண்டதை எஸ்தர் நூலின் 9ஆம் அதிகாரம் சொல்ல, ராவா அவ்வுறுதியில் தோரா முழுமைக்குமான ஒப்புதலைக் காண்கிறார். அவ்வொப்புதல் தங்களைக் காத்த அற்புதத்தின் மீது கொண்ட அன்பில் பிறந்தது என்று 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரையாசிரியர் ராஷி விளக்குகிறார். எஸ்தர் நூலின் எபிரேய மூலத்தில் இறைவனின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை என்பதை இதனோடு சேர்த்து நினைக்கும்போதுதான் ராவாவின் ஆழம் புலப்படும். இடியும் நெருப்பும் எக்காள முழக்கமும் சூழ்ந்த சீனாயில் மறுக்க வழியே இருக்கவில்லை. இறைவன் முகம் மறைத்துக்கொண்ட அகாஸ்வேருவின் தலைநகராகிய சூசானிலோ, ஏற்கவும் விடவும் மனிதருக்கு இடமிருந்தது.

ஷாவுவோத் அன்று நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதரின் தொழுகைக் கூடங்களில் ரூத் நூல் வாசிக்கப்படுவதும் இங்கே கருதத்தக்கது. மோவாபியப் பெண்ணாகிய ரூத், கணவனை இழந்தபின் தாய்வீட்டுக்குத் திரும்புமாறு மாமியார் நகோமியே வற்புறுத்தியும் இணங்காமல், மாமியாரின் மக்களையும் இறைவனையும் தனக்குரியவர்களாக விரும்பி வரித்துக்கொண்டாள். அவள் தலைக்கு மேல் எந்த மலையும் நிற்கவில்லை.

16ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர்களான ஜோசப் காரோவும் சாலமோன் அல்கபெத்சும் தம் தோழர்களோடு ஷாவுவோத் இரவு முழுவதும் கண்விழித்துப் படித்ததும், அவ்வழக்கம் பரவியதும் தனியே விரித்துரைக்க வேண்டியவையாதலால், அவை அடுத்த இதழுக்கு உரியவை.